பரிவர்த்தனையா, பறிவர்த்தனையா?
வான்போர் விளையாட்டுச் செலவு குறித்து வடமராட்சி நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையவழி வான்போர் விளையாட்டுகளில் சிறுகச் சிறுகக் காசு கறக்கும் முறையை அறிஞர் 'நுண்பரிவர்த்தனை' என்பர். இச்சொல்லில் ஓர் எழுத்துப்பிழை உண்டென்பதே இவ்வாய்வின் கருதுகோள். இடையின 'ரி' நிற்கும் இடத்தில் வல்லின 'றி' நிற்றல் வேண்டும்.

1. களமும் தோற்றுவாயும்

களம்: யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு வீட்டு விறாந்தை. ஆய்வுக்கு உட்பட்டவர்: பதின்மூன்று வயது மருமகன். ஆய்வாளர்: அவனுடைய தாய்மாமன், அதாவது இக்கட்டுரையாசிரியர். தோற்றுவாய்: மருமகனின் கனடாப் பெரியப்பா நடுச்சாமத்தில் எடுத்த வட்ஸ்அப் அழைப்பு.

"உங்கை ஆர் என்ரை காட்டிலை பிளேன் வாங்கினது?"

ரியூசனுக்கென்று கொடுத்த காட் இலக்கம் வான்படைக்குப் போயிருந்தது. விளையாட்டின் பெயர் ஆய்வு நெறி கருதியும், மருமகன் கெஞ்சிக் கேட்டதாலும் மறைக்கப்படுகிறது.

2. முன்னோர் கருத்து

இத்துறைக்கு ஆறுமுக நாவலர் உரை எழுதவில்லை. அவர் மறைந்தது 1879இல், ரைட் சகோதரர் பறந்தது 1903இல். இந்த 24 ஆண்டு இடைவெளி தமிழுக்கு நேர்ந்த நட்டம்.

வெளியுலகில் மூலபாடங்கள் உள. 2006இல் 'ஒப்ளிவியன்' என்ற விளையாட்டில் குதிரைக்குக் கவசம் என்று சொல்லி 2.50 டொலர் கேட்டார்கள். விளையாடுவோர் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்தார்கள். பின்வந்த கடையெல்லாம் அந்தக் குதிரையின் குட்டிகள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. 2023 மே மாதம் 'வோர் தண்டர்' என்னும் வான்போர் விளையாட்டின் அடியார்களே பொறுமையிழந்து, ஸ்டீம் தளத்தில் பாதகமான மதிப்புரைகளை மழையாகப் பொழிந்தனர். நிறுவனம் இறங்கிவந்து தன் பொருளாதாரத்தைத் திருத்துவதாகச் சொன்னது. வெள்ளிச் சிங்கம், தங்கக் கழுகு என்று இருவகை நாணயம் புழங்கும் அந்நாட்டில் சிங்கத்தை உழைத்துத் தேடலாம், கழுகைப் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்கலாம்.

3. இயங்கு முறை

இவ்வகை விளையாட்டு இறக்குவதற்கு இலவசம். முதலில் தருவது இரட்டைச் செட்டைப் பழம் விமானம். அதை ஓட்டிப் புள்ளி சேர்த்தால் அடுத்தது திறக்கும். அடுத்ததன் அடுத்தது திறக்க, பனங்கொட்டை நட்டு நொங்கு குடிக்கும் காலம் தேவை. சுடுபட்டு விழுந்தால் திருத்தக் கூலியும் நம் கணக்கில்தான். இந்த இடத்தில் ஒரு பொத்தான் மினுங்கும்: காசு தந்தால் காத்திருக்கத் தேவையில்லை.

பங்கேற்பு அவதானிப்பாக ஆய்வாளரும் ஒருமுறை பறந்தார். ஒரு நிமிடத்துக்குள் தரை தெரிந்தது. அதன்பின் கட்டணச்சிட்டை தெரிந்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், கடைக்காரர் விற்பது விமானமன்று. தாமதத்தை அவரே உண்டாக்கி, அந்தத் தாமதத்துக்கு மருந்தையும் அவரே விற்கிறார். கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் விற்பதற்கு இது நிகர்.

'நுண்' என்ற அடைமொழியும் ஆய்வுக்குரியது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360 அளவுக்கு ஏறியது. அமெரிக்கப் பிள்ளைக்குச் சில்லறையாக இருப்பது நெல்லியடிப் பிள்ளைக்கு ஒரு கிழமைச் சந்தைச் செலவு.

4. ஒப்பாய்வு

(அ) அம்மம்மா. மருமகன் நாள்கணக்காகக் கனாக் கண்ட விமானம் கிபிர். இலங்கை வான்படை 1996 முதல் வைத்திருந்த அதே இனம். திரையைப் பார்த்த அம்மம்மா கேட்டார்:

"உது கிபிரெல்லோ? உதுக்கோ காசு குடுத்தனீ? எங்கடை தலைக்கு மேலாலை எத்தினை தரம் சும்மா போனது!"

மேலாய்வில் தெரியவந்தது: அம்மம்மா போர்க்கால விமானங்களின் இரைச்சலை வைத்தே சகடை எது, சியாமாசெட்டி எது, கிபிர் எது என்று பிரிப்பார். மருமகன் காசு கொடுத்துப் பெற்ற ராடருக்கு இத்திறன் இல்லை. அம்மம்மா அதைப் பங்கருக்குள் குந்தியிருந்து தேடிக்கொண்டார். அந்தப் படிநிலையைத் தாண்டிச் செல்ல அங்கே பொத்தான் இருக்கவில்லை.

(ஆ) வானத்துப் பொதி. 1987 யூன் 4ஆம் நாள் இந்தியாவின் 5 அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ்-2000 காவலுடன் வந்து, குடாநாட்டின் மேல் ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொதிகளைப் போட்டுச் சென்றன. வான்வழிப் பொதியை யாழ்ப்பாணத்தார் காசில்லாமல் பெற்ற நாள் அது. முதலில் இலவசம் என்பதன் முழு விலை பின்னரே தெரியவரும் என்ற விதிக்கும் அதுவே சான்று. அவ்விலை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

(இ) பட்டம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களே குடாநாட்டின் உண்மையான வான்படை. மூங்கில், நூல், ரிசுப் பேப்பர் ஆகியவற்றுக்குச் செலவுண்டு. ஒலி எழுப்பும் விண் கட்டினால் இன்னும் கொஞ்சம். ஆனால் முச்சைக் கயிறு பிழைத்தால் பணக்காரன் பட்டமும் குத்தும். வாடைக்காற்றுக்குத் தங்கக் கழுகு தெரியாது. கிழிந்தால் திருத்தக் கூலி நாலு சோற்றுப் பருக்கை.

(ஈ) நல்லூர். நுண்பரிவர்த்தனை தன்னளவில் குற்றமன்று என்பதற்கு நல்லூர்க் கந்தனே சாட்சி. விலைவாசி எங்கே ஏறினாலும் அங்கே அர்ச்சனை ரிக்கற் 1 ரூபா. கொழும்பு முதலாளிக்கும் 1 ரூபா, கனடாப் பெரியப்பாவுக்கும் 1 ரூபா. மேற்சட்டையைக் கழற்றிய பின் ஆண்கள் எல்லாரும் ஒரே தரம். கூடக் கொடுத்தவருக்கு வரம் கெதியாக வருமென்ற அறிவித்தல் எங்கும் இல்லை.

5. முடிபு

சிறுதொகை வாங்குவது பிழையன்று. கொடுத்தவனையும் கொடாதவனையும் ஒரே வானத்தில் ஏற்றிவிட்டு, கொடாதவனைக் கொடுத்தவனுக்கு இலக்காக்குவதே பிழை. முன்னதற்குப் பரிவர்த்தனை என்றும், பின்னதற்குப் பறிவர்த்தனை என்றும் பெயர் வழங்குக. அகராதிக்காரர் ஆவன செய்வாராக.

பின்னிணைப்பு: பெரியப்பா காட்டை மாற்றிவிட்டார். மருமகன் இப்போது முற்றத்தில் முச்சை கட்டப் பழகுகிறான். பட்டம் மூன்று தரம் குத்திவிட்டது. காசு ஒன்றும் கழியவில்லை.