குழாயடியில் நாலு குடம்

கணினி ஏன் மந்தமாக ஓடுகிறது என்று பார்க்க மூன்று கண்காணிப்புக் கருவிகளை ஒரே நேரத்தில் ஏவினேன். மந்தத்துக்கு இன்னும் மூன்று காரணங்கள் சேர்ந்தன.

பல இன்டெல் செயலிகளில், ஹைப்பர்திரெடிங் இயங்கும்போது, இத்தகைய கருவிகள் எண்ணிக்கை எடுக்க ஒரு திரெடுக்குக் கிடைக்கும் பொதுக் கவுன்ட்டர்கள் நாலே நாலு. கேள்விகளோ ஏராளம்: கேஷ் எத்தனை முறை கைவிட்டது, கிளைக் கணிப்பு எத்தனை முறை பிசகியது... 2009-ல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்த பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவி இந்தக் குழாயடிச் சண்டைக்கு முறை வைத்தது. ஆளுக்குச் சில மில்லிநொடி, பிறகு குடத்தை நகர்த்து! கால்வாசி நேரமே எண்ணியிருந்தால், கிடைத்ததை நாலால் பெருக்கி முழுக் கணக்காகக் காட்டும். (ஒரு வாரம் சாப்பிட்டவருக்கு மாத பில் போடும் மெஸ் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) நேர்மையாக, எவ்வளவு நேரம் எண்ணியது என்ற சதவீதத்தையும் ஓரத்தில் அச்சிடும். அதை யார் பார்க்கிறார்கள்?

இதற்கிடையில், கர்னல் உறைந்துவிட்டதா என்று பார்க்கும் என்எம்ஐ காவலாளி ஒரு கவுன்ட்டரில் முன்கூட்டியே துண்டு போட்டு வைத்திருப்பார். இடம் போதாதபோது பெர்ஃபே யோசனை சொல்லும்: அவரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நிறுத்தலாம். வேலை முடிந்ததும் திரும்பக் கூப்பிட மறந்துவிடாதீர்கள்.