ஜிப்புக்கு மேல் தலைவர்

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் பெரும்பாலும் வெட்டிய துணித் துண்டில்தான் அச்சு ஏறும். ஜிப்பும் பாக்கெட்டும் அப்புறம் தையலில் சேரும். இந்த ஒழுங்கைக் கலைக்கத்தான் தேர்தல் வருகிறது. சித்திரை வெயில் பைக் பேரணிக்கென்று தைத்து முடித்த ஜிப் ஜாக்கெட்டுகளை மூட்டையாக இறக்கி, "அண்ணா, தலைவர் முகம் நெஞ்சு முழுக்க வரோணும், நாளைக்கே" என்பார் வட்டச் செயலாளர்.

மைக்குச் சமதளம் வேண்டும். ஜிப் மேட்டில் ஸ்கிரீன் தூக்கிக்கொள்ளும், ஓரத்தில் மை தேங்கும், ஜிப்பின் பல் பட்டால் மெஷ் கிழியும். பலகையில் பள்ளம் வெட்டி ஜிப்பை அதில் இறக்கிச் சமாளிக்கலாம்தான். பாக்கெட் விளிம்போ தலைவர் கன்னத்தில் வெட்டுத் தழும்பாக விழும். பிறகு பிளாஸ்டிசால் மையை 160 டிகிரி சூட்டில் காய வைக்க வேண்டும்; பிளாஸ்டிக் ஜிப் அதை ரசிப்பதில்லை.

இத்தனையும் தாண்டி முகம் அம்சமாக வந்தாலும், வியர்த்த தொண்டர் ஜிப்பை இறக்கினால் கட்சி இரண்டாகப் பிளக்கும்.

பட்டறைக்காரர் யோசனை சொன்னார்: "பேசாம முதுகுல குத்திரலாமுங்க."

செயலாளர் முகம் வெளிறிவிட்டது. "மெதுவாப் பேசுங்கண்ணா!"