கூட்டு நிதிநல்கை விண்ணப்பத்தில் தாட்சண்யத்தின் பங்கு: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இரண்டு பேராசிரியர்கள் சேர்ந்து ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்த முதல் சில நாட்களில் நடப்பது என்ன? ஆய்வு நடப்பதில்லை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. நடப்பது தாட்சண்யமே என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. தோற்றுவாய்

ஒருவருக்கு ஒரு சிக்கல் பிடிபடுகிறது; தனியே அவிழ்க்க முடியாமல் துறை தெரிந்த இன்னொருவரைத் தேடிப் போகிறார்; கூட்டாய்வு பிறக்கிறது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. முதலில் பிறப்பது அறிவிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்தில் (2021–2027) கூட்டு முயற்சி என்றால் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்களாவது வேண்டும். 1987இல் தொடங்கிய இந்தோ–பிரெஞ்சு ஆய்வு மேம்பாட்டு மையத்துக்கு இங்கே ஒருவரும் பிரான்ஸில் ஒருவரும் வேண்டும். 2018இல் வந்த, ஐ.ஐ.டி. கரக்பூர் ஒருங்கிணைக்கும் ஸ்பார்க் திட்டத்துக்கு வெளிநாட்டுப் பேராசிரியர் வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையோ, தன் 'பேர்' திட்டத்தில் தரவரிசையில் முந்திய நிறுவனம் ஒன்றை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றி நிற்கச் சொல்கிறது. அறிவிப்பு எத்தனை பேரைக் கேட்கிறதோ, அத்தனை பேருக்கிடையே அந்த வாரமே ஆழ்ந்த அறிவுறவு அரும்பிவிடுகிறது.

2. கூட்டாளியின் வகைகள்

கூட்டாளியர் மூவகைப்படுவர்: கருவியால் அமைவோர், பெயரால் அமைவோர், கையால் அமைவோர். முதல் வகையினரிடம் நமக்கு வேண்டிய இயந்திரம் இருக்கிறது. இரண்டாம் வகையினரிடம் நமக்கு வேண்டிய எச்-இண்டெக்ஸ் இருக்கிறது. மூன்றாம் வகையினர் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன உதவிப் பேராசிரியர்கள். எல்லாப் பக்கங்களையும் எழுதுபவர்கள் இவர்களே. முன்னவர் இருவர் இன்றேல் கூட்டு அமையாது. மூன்றாமவர் இன்றேல் விண்ணப்பமே அமையாது என்க.

3. களத் தரவு

முதல் தொலைபேசி உரையாடலின் பொது வடிவம் வருமாறு:

"சார், அந்தக் கால் பாத்தீங்களா? நாம சேர்ந்து ஒரு ப்ரபோசல் போடலாம்னு நினைச்சேன்."

"தாராளமா போடலாம் மேடம். நீங்களே பி.ஐ.யா இருங்க."

"ஐயோ, நீங்க சீனியர். நீங்க இருக்கும்போது நான் எப்படி?"

"ஐடியா உங்களோடதாச்சே. சரி, அத அப்புறம் பாத்துக்கலாம்."

"பட்ஜெட் சார்?"

"அதையும் பாத்துக்கலாம். முதல்ல டைட்டில் போடுங்க."

இருவரும் பண்பாளர்கள் என்பது இதனால் பெறப்படும். முடிவானது ஒன்றுமில்லை என்பதும் பெறப்படும். பி.ஐ., அதாவது முதன்மை ஆய்வாளர், ஆகிறவருக்கு முதல் பெயர் கிடைக்கும். கூடவே, செலவழித்த பணத்துக்குப் பொது நிதி விதிகள் 2017 கேட்கும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்பும் பாரமும் அவர் தலையில்தான். வங்கியில் கிடந்த பணம் வட்டி ஈட்டியிருந்தால், அதையும் கணக்குக் காட்டி அரசுக்குத் திருப்ப வேண்டும். ஆக, பெயர் மீது இருவருக்கும் ஆசை, படிவத்தின் மீது இருவருக்கும் அச்சம். "நீங்களே இருங்க" என்ற வாக்கியம் இரண்டையும் ஒருசேர மறைக்கிறது.

4. படிவத்தின் நாகரிகமின்மை

மனிதர் கேட்கத் தயங்குவதைப் படிவம் கூசாமல் கேட்கிறது. மனிதவளம், நுகர்பொருள், பயணம், கன்டின்ஜென்சி, உபகரணம், ஓவர்ஹெட் என்று தலைப்பு வாரியாக, நிறுவன வாரியாக, ஆண்டு வாரியாகத் தொகை கேட்கிறது.

சான்றாக ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். திட்டத்துக்கு ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) வேண்டும். 2023 ஜனவரி முதல் உதவித்தொகை மாதம் ரூ.37,000, இதில் சிக்கலில்லை. இதன் மேல் வீட்டு வாடகைப் படி உண்டு. அதன் விகிதம் ஊரைப் பொறுத்தது. சென்னைக்கு ஒன்று, காரைக்குடிக்கு வேறு. எனவே அந்தப் பிள்ளை யார் ஆய்வகத்தில் உட்காரப் போகிறது என்று தெரியாமல் கூட்டல் கணக்கு முடியாது. "ரெண்டு இடத்துலயும் இருக்கட்டுமே" என்று தாட்சண்யம் சொல்லும். எக்செல் கட்டத்தில் ஒரு ஊர்தான் ஏறும்.

5. கையெழுத்தியல்

ஒவ்வொரு நிறுவனத் தலைவரிடமும் எண்டார்ஸ்மென்ட் கடிதம் வாங்க வேண்டும். அதில் திட்டத்தின் தலைப்பு இருக்கும். துறைத் தலைவர் மேசை, பதிவாளர் அலுவலகம் எனக் கோப்பு நகரும், "ஃபார்வர்டிங் லெட்டர் எங்க சார்? ஆபீஸ் காப்பி வைக்கலையே" என்று திரும்பும்; மறுபடி போகும். இவ்வளவும் கடந்து முத்திரை விழுந்த பின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றும் துணிவு எவருக்கும் வருவதில்லை. ஆகவே தலைப்பை இறுதி செய்வது சிந்தனை அன்று. பதிவாளர் ஊரில் இருந்த நாள்.

அக்கடிதத்தில் வழக்கமாக இன்னொரு வாசகமும் உண்டு: பி.ஐ. இடையில் விலக நேர்ந்தால் திட்டத்தை முடித்துவைக்கும் பொறுப்பைக் கோ-பி.ஐ. (இணை ஆய்வாளர்) ஏற்பார். "பேருக்கு நம்மள போட்டிருக்காங்க" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளும் கோ-பி.ஐ. இவ்வரியைப் படித்ததற்கான சான்று களத்தில் கிட்டவில்லை.

6. தடையும் விடையும்

தாட்சண்யம் நற்குணமன்றோ, அதைக் குறை கூறலாமோ எனின், கூறலாம். பங்கு பிரிப்பது பற்றி முதல் நாளில் பேசாதவர்கள் பேசாமலே இருந்துவிடுவதில்லை. நிதி வந்து, உபகரணம் லாரியில் ஏறிய பிறகு, அது எந்த ஊர்க் கட்டடத்தில் இறங்க வேண்டும் என்று பேசுகிறார்கள். கட்டுரை அச்சுக்குப் போகும் வாரத்தில், யார் மாணவர் பெயர் முதலில் என்று பேசுகிறார்கள். அப்போது குரல் உயர்கிறது. கேள்வி பழையதுதான்; கேட்கும் நேரம்தான் தப்பு.

7. பரிந்துரை

முதல் படி தலைப்பு அன்று, பட்ஜெட் அட்டவணை. முதல் அழைப்பிலேயே நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: ஜே.ஆர்.எஃப். எங்கே உட்காருவார்? உபகரணம் எங்கே இறங்கும்? எந்த வேலை யாருடையது? கட்டுரையில் பெயர் வரிசை என்ன? இவற்றைக் கேட்டதும் எதிர்முனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டால், மூன்று வருடம் கழித்து முறியவேண்டிய கூட்டு மூன்று நிமிடத்தில் முறிந்தது. அரசுப் பணமும் மிச்சம். துண்டிக்கப்படாவிட்டால், எதை ஆராயப் போகிறோம் என்று இருவரும் பேச ஆரம்பிக்கலாம்.