எல்லாம் தானேயான ஏந்தல்

ஸ்பெயின் தேசத்தை 1556 முதல் 1598 வரை ஆண்ட மாமன்னர் இரண்டாம் பிலிப்பின் பெருமையை எந்த மெய்க்கீர்த்தியில் அடக்குவது? அன்றைய பெருவின் வெள்ளிமலை தொடங்கி, அவர் திருப்பெயரையே சூடிக்கொண்ட பிலிப்பைன்ஸ் தீவுகள் வரை விரிந்து கிடந்தது பேரரசு. அத்தனை பாரமும் தம் ஒருவர் தோளில்தான் என்று நம்பினார் அப்பெருமான். அந்த நம்பிக்கையை ஒரு கணமும் இறக்கிவைக்காத திடசித்தத்தைத் தேவரும் தொழுவர்!

அதற்கு வித்திட்ட புண்ணியவாளர் தந்தையார் ஐந்தாம் சார்லஸ். 1543இல், பதினாறு வயதும் நிரம்பாத மைந்தரிடம் நாட்டைத் தற்காலிகமாக ஒப்படைத்துப் புறப்படும்போது, எந்த அமைச்சரையும் முழுதாக நம்பாதே என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். பாலகனுக்கு ஆயுள் முழுவதும் துணையிருக்க இதைவிட இனிய சீதனம் உண்டா?

மைந்தரும் அதைச் சிதறவிடவில்லை. உலகின் நாற்றிசைக் காகிதமும் அவர் மேசைக்கே வரவேண்டும். அவரும் ஓரங்களில் குறிப்பெழுதுவார், எழுத்துப்பிழைகளையும் திருத்தியருளுவார். அவர் ஆட்சிக்குட்பட்ட பிளாண்டர்ஸில் கலகம் மூளும் வேளையில், அங்கிருந்து வந்த அவசர ஓலைகள் அவருடைய ஆழ்ந்த யோசனைக்காக வாரக்கணக்கில் தவம் கிடந்தன. கலகக்காரர்களுக்குத்தான் அந்தப் பொறுமை வாய்க்கவில்லை, பாவம். கணக்கு வழக்கையும் பிறரிடம் விடாத அந்த அருங்கவனத்தில், 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடன்காரர்களுக்குக் கஜானா கைவிரித்தது. ஒரே ஆட்சியில் இத்தனை முறை திவாலாவது சாமானியர்க்குக் கைகூடுமா?

ஆயினும் 1588ஆம் ஆண்டின் கடற்படையெடுப்பே அவருடைய மணிமகுடம். இங்கிலாந்தை வெல்லும் திட்டத்தைத் தம் எழுதுமேசையிலேயே நெய்தார். பழுத்த கடற்தளபதி சாந்தா குரூஸ் பிப்ரவரியில் மாண்டுபோகவே, மெதினா சிதோனியா பிரபுவை அந்த இடத்தில் அமர்த்தினார். எனக்குக் கடற்போர் தெரியாது, கப்பலேறினால் குமட்டும் என்று மறுத்து எழுதினார் பிரபு. மன்னர் கலங்குவாரா? சில நாளில் இந்தப் படையெடுப்பே வேண்டாம் என்ற தொனியில் இரண்டாம் கடிதம் வந்தது. அதை அமைச்சர்கள் மன்னர் கண்ணில் காட்டவேயில்லை. ஒரு துண்டுக் காகிதமும் தம்மைத் தாண்டிப் போகலாகாது என்று கண்விழித்த கோமான், தாம் படித்தே ஆகவேண்டிய ஒன்றை மறைக்கும் அளவுக்கு அமைச்சர்களைப் பழக்கிவைத்திருந்தாரே, அந்தச் சாமர்த்தியத்தை என்னென்பது!

இங்கிலாந்தில் இறங்கப் பிளாண்டர்ஸில் காத்திருந்த பார்மா பிரபுவின் தரைப்படையும் இந்தக் கப்பற்படையும் நடுக்கடலில் எப்படிக் கைகோப்பது என்று அவ்விரு பிரபுக்களும் நேரில் கலந்து பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது? மன்னர் மாட்ரிட் அருகே எஸ்கோரியல் அரண்மனையில் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாரே. அங்கே கப்பல்கள் ஒதுங்க ஆழமான துறைமுகம் ஒன்று கைவசமில்லை என்ற சில்லறைக் குறை மட்டும் மிஞ்சியது. காற்றும் கடலும் ஆண்டவன் பொறுப்பு என்று அதற்கும் ஒரு வழி கண்டார். மனிதர் எவருக்கும் பங்கு தராத சுமையில் தெய்வத்துக்கு மட்டும் இவ்வளவு தாராளமாகப் பங்கு கொடுத்த வேந்தர் வேறெவர்?

சுமார் 130 கப்பல்கள் போயின. மூன்றில் ஒரு பங்காவது திரும்பவில்லை. திரும்பும் வழியில் அயர்லாந்துப் பாறைகளில் உடைந்தவை பல. தப்பிக் கரையேறிய மாலுமிகளில் அங்கே வெட்டுண்டவர்களும், தாய்நாட்டுத் துறைமுகம் வந்து சேர்ந்தபின் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களும் ஆயிரக்கணக்கானோர். மன்னரின் அரும்பெரும் பொறுப்புணர்ச்சியில் இவர்களுக்குத்தான் முழுப் பங்கு கிடைத்தது. திட்டம் தீட்டும்போது அவர்களுக்கு யோசனை சொல்லும் சிரமத்தையும் மன்னர் கொடுக்கவில்லை.

கீல்வாதம் கைவிரல்களை முறுக்கியபோதும் காகிதக் கட்டுகளை விடாமல் போராடி, 1598இல் எஸ்கோரியலிலேயே கண்மூடினார். சுமையைத் தூக்கும் வித்தையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காததால், அடுத்துப் பட்டமேறிய மைந்தர் மூன்றாம் பிலிப் அதை லெர்மா பிரபுவிடம் இறக்கிவைத்துவிட்டு வேட்டைக்குப் போனார். 1612இல் பிரபுவின் கையெழுத்துக்குத் தம் கையெழுத்தின் மதிப்பையே வழங்கிச் சாசனமும் எழுதிக் கொடுத்தார்.