ஆர்க்குறுக்கம்: டெக்சாஸ் மைதானப் பெற்றோர் வழக்கில் ஒரு சார்பெழுத்து ஆய்வு

1. முன்னுரை

சார்பெழுத்து மூன்று என்றார் தொல்காப்பியர். பத்து என்றார் நன்னூலார். இடையில் ஏழு எழுத்து எங்கிருந்து வந்து சேர்ந்தன என்று நம் தமிழ்த்துறைகளில் நடந்த சண்டைகளை அச்சிட்டால் ஏழு அலமாரி வேண்டும். பதினொன்றாவது சார்பெழுத்து ஒன்று, டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ என்னும் ஊரில், கால்பந்து மைதானத்தின் ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் வாயில் வழங்கிவருகிறது. அதை இக்கட்டுரை முதன்முதலாக வெளிப்படுத்துகிறது. 'முதன்முதலாக' என்ற சொல் ஆய்வேட்டில் ஓரிடத்திலாவது வர வேண்டும் என்பது என் பழைய நெறியாளரின் அறிவுரை. அவர் வேறு எதுவும் சொன்னதாக நினைவில்லை.

1.1 ஆய்வுக்களம்: அமெரிக்க தேசிய சாக்கர் ஹால் ஆஃப் ஃபேம் 2018 முதல் இவ்வூர் ஸ்டேடியத்தில்தான் இருக்கிறது. அதனுள் நான் போகவில்லை. தங்கை வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரமும் அவள் மகளின் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் நாற்காலி தூக்கிப் போனேன்.

1.2 ஆய்வெல்லை: வெள்ளைக்கோட்டுக்கு இப்பக்கம். அப்பக்கத்தில் பிள்ளைகள் ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அது எல்லைக்குள் வராது.

1.3 முன்னாய்வுகள்: இல்லை.

1.4 கருதுகோள்: வழக்கம்போல் முடிவுரையை எழுதிய பிறகு எழுதப்பட்டது.

1.5 தரவு: தகவலாளர்களின் பெயரைச் சொல்வது முறையன்று. ஆகவே அவரவர் நாற்காலியின் நிறத்தால் சுட்டப்படுகின்றனர். 'நீலம்' என்றால் நீல நாற்காலியார். தன் நாற்காலியை விட்டுப் பிறர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவை இடைச்செருகல் எனத் தள்ளப்பட்டன.

2. வரலாறு

பெண்பிள்ளைகளின் கிளப் சாக்கரிலும் சங்கங்கள் மூன்று.

2009இல் நாற்பது கிளப்புகள் கூடி 'எலைட் கிளப்ஸ் நேஷனல் லீக்' என்ற ஒன்றைத் தொடங்கின. சுருக்கம் ஈ.சி.என்.எல். இது முதற்சங்கம். 2007 முதல் பையன்களுக்கு டெவலப்மென்ட் அகாதமி நடத்திவந்த அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு, 2017இல் பெண்பிள்ளைகளுக்கும் அதைத் திறந்தது. சுருக்கம் டி.ஏ. இது இடைச்சங்கம். டி.ஏ.வில் ஆடிய பிள்ளைக்குத் தன் பள்ளி அணிக்கு ஆடத் தடை இருந்தது, ஈ.சி.என்.எல்.லில் அத்தடை இல்லை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு பெற்றோர் இரண்டு கட்சியாகிப் பேசிய பேச்சில் பாதி இன்றும் முடியவில்லை. டி.ஏ. முடிந்துவிட்டது. 2020 ஏப்ரல் 15 அன்று, கொரோனாவுக்கு நடுவே, பணமுடையைக் காட்டிக் கூட்டமைப்பு அதை மூடியது. கரையேறிய கிளப்புகள் பல சேர்ந்து அதே ஆண்டில் 'கேர்ள்ஸ் அகாதமி' கண்டன. சுருக்கம் ஜி.ஏ. இது கடைச்சங்கம்.

நம் முதற்சங்கம் 4,440 ஆண்டும் இடைச்சங்கம் 3,700 ஆண்டும் இருந்ததாக இறையனார் களவியல் உரை கணக்குச் சொல்கிறது. டி.ஏ. மூன்றாம் பருவத்தை முழுசாக ஆடவில்லை. ஆனாலும் "டி.ஏ. இருந்த காலத்தில்..." என்று ஒரு நாற்காலி தொடங்கும்போது குரலில் கபாடபுரம் கேட்கிறது (பழுப்பு, வாய்மொழி).

3. வகைப்பாடு

3.1 ஈ.சி.என்.எல்.: இதில் 'எலைட்' என்ற அடைமொழி 'கிளப்ஸ்' என்ற பெயரைத் தழுவி நிற்கிறது, பிள்ளையைத் தழுவவில்லை. இதை எடுத்துச் சொன்னபோது நீலம் நாற்காலியைச் சற்று அப்பால் நகர்த்திக்கொண்டது.

3.2 ஜி.ஏ.: இப்பெயரில் எலைட்டும் இல்லை, லீக்கும் இல்லை. பச்சை இதை அடக்கம் என்கிறது. நீலம் இதை உண்மை என்கிறது.

3.3 ஆஸ்பயர்: ஜி.ஏ.வின் இரண்டாம் அடுக்கு. பொருள்: 'விழை'. ஏவல் வினை.

3.4 டி.பி.எல்., என்.பி.எல்.: வேறு லீக்குகள். குறித்துக்கொண்டேன்.

3.5 பாத்வே: இது லீக் அன்று, எல்லா லீக்கும் தருவதாகச் சொல்வது. அறம், பொருள், இன்பம் மூன்றையும் விட்டுவிட்டு நேரே வீடு.

3.6 வீடு: கல்லூரி அணி. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம், பெண்களுக்கும் சமவாய்ப்புத் தர வேண்டிய கட்டாயத்தைக் கல்லூரிகளுக்கு ஏற்படுத்தியது. முதல்நிலைக் கல்லூரிகளில் பெண்கள் சாக்கர் அணிகள் முந்நூறுக்கு மேல் இருப்பது அதன் விளைவு. அண்மைக்காலம் வரை ஓர் அணி தரக்கூடிய முழு உதவித்தொகை 14. அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். கல்லூரி விளையாட்டு குறித்த 2025 நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த 14 போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15 முதல் கல்லூரிக் கோச் பிள்ளையுடன் பேசலாம். அந்த நள்ளிரவில் ஃபிரிஸ்கோவில் எத்தனை வீட்டில் விளக்கு எரியும் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "நம்ம வீட்டுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு மச்சான்" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை, ஆனாலும் பதில்தான்.

3.7 கால ஆராய்ச்சி: 2017 முதல் பிள்ளைகளை ஜனவரி 1 கணக்கில் வயதுவாரியாகப் பிரித்தார்கள். 2026-27 பருவத்திலிருந்து ஆகஸ்ட் 1 கணக்கு. ஒரு நூலின் காலத்தை முந்நூறு ஆண்டு முன்னே பின்னே தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நம் ஆராய்ச்சியாளர்கள். ஜூலை 31இல் பிறந்த பிள்ளையின் தாயாரும் ஆகஸ்ட் 1இல் பிறந்த பிள்ளையின் தாயாரும் பேசிக்கொள்வதை அவர்கள் ஒருமுறை கேட்க வேண்டும்.

4. ஆர்க்குறுக்கம்

4.1 இனிக் கட்டுரையின் உயிர்நிலை. ஈ.சி.என்.எல்.லுக்கும் இரண்டாம் அடுக்கு உண்டு. பெயர், ஈ.சி.என்.எல். ரீஜனல் லீக். இதை 'ஈ.சி.என்.எல். ஆர்.எல்.' என்பாரும் 'ஈ.சி.ஆர்.எல்.' என்பாரும் உளர். ஒரே கிளப்பில் முதல் அணி அதிலும் அடுத்த அணி இதிலும் ஆடுவது வழக்கம். இரண்டுக்கும் இடையே உள்ளது ஆர். மற்ற எல்லாம் அதைப் பற்றிய பேச்சு.

4.2 'ஆர்' இயல்பாக ஒலிக்கையில் நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை, ஆக இரண்டரை மாத்திரை. பெற்றோர் வாயில் இது மகரக்குறுக்கத்தைப் போலக் கால் மாத்திரையாகக் குறுகுகிறது. இதுவே ஆர்க்குறுக்கம். எடுத்துக்காட்டு: 'ஈ.சி.(ர்)எல்.'. அடைப்புக்குள் இருப்பது ஒலியன்று, மூச்சு.

4.3 தமிழில் 'ஆர்' மரியாதை தரும் விகுதி. நக்கீரன் நக்கீரனார் ஆவதும், மாமன் மாமனார் ஆவதும் அதனால்தான். ஃபிரிஸ்கோவில் அதே 'ஆர்' ஒட்டினால் மரியாதை போய்விடுகிறது. ஒப்பிலக்கணத்தார் கவனிக்க.

4.4 குறுகும் இடங்கள்:

வேறு கிளப் பெற்றோர் முன்: கால் மாத்திரை.

அலுவலகத்தில்: அரைக்கால் மாத்திரை.

ஊருக்கு வாட்ஸாப்பில் பேசும்போது: முற்றும் கெடும். "பேத்தி நேஷனல் லீக்ல ஆடுறா அத்தை" என்றால், எதிர்முனையில் கேட்பவர் நாட்டுக்காக ஆடுகிறாள் என்றே கொள்வார். மறுப்பது முறையன்று.

கட்டணம் கட்டும்போது: குறுகாது; அளபெடுக்கும். "ஆஅஅர்.எல்.லுக்கா இவ்வளவு?" (மாப்பிள்ளை, சமையலறை, இரவு பத்தரை, உடனிருந்த தங்கை மறுக்கவில்லை).

4.5 'ஈ.சி.என்.எல். ஆர்.எல்.' என்ற நீள்வடிவத்தில் ஆர் குறுகுவதில்லை. வால் அப்படியே அறுந்து விழுகிறது: 'ஈ.சி.என்.எல்.' என்று சொல்லிவிட்டுக் காப்பி உறிஞ்சுவார்கள். இதைக் குறுக்கம் எனலாகாது. கடைக்குறை எனல் வேண்டும். தாமரை 'தாமரை' என்றே முடியாமல் 'தாம' என்று நின்றால் கேட்டவன் மிச்சம் எங்கே என்பான். இங்கோ வெட்டிய பிறகும் முழுச்சொல்லாய், வெட்டாததைவிட உயர்ந்த சொல்லாய் நிற்கிறது. உலக மொழிகளில் இதற்கு இணை உண்டா என்று தேடுவதற்கு நிதிநல்கை கோரி விண்ணப்பிக்க உள்ளேன்.

4.6 வேற்றுமை மயக்கம்: வந்த முதல் நாளே மாப்பிள்ளை சொன்னது: "இவ ஈ.சி.என்.எல். கிளப்ல இருக்கா மச்சான்." இதில் பொய் எழுத்தளவும் இல்லை. கிளப் ஈ.சி.என்.எல். கிளப். பிள்ளை அதற்குள் இருக்கிறாள். 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபு ஒரு குடும்பத்தின் மானத்தைத் தாங்கி நிற்பதை இலக்கண உலகம் இதுவரை அறியாது. வேற்றுமை பற்றி நம்மிடம் இருக்கும் அத்தனை ஆய்வேடுகளிலும் ஏழாம் வேற்றுமைக்கு 'மரத்தில் பறவை' என்றே எடுத்துக்காட்டு. ஐம்பது ஆண்டாக அந்தப் பறவை அதே மரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

4.7 உரைவேறுபாடு: நீலம், "ஆர் என்ற எழுத்தே இல்லை, ஒரே கோச், ஒரே ஜெர்சி, ஒரே பஸ்" என்கிறது (நீலம், வாய்மொழி, முதல் பாதி). பச்சை இதை மறுக்கிறது: "கோச் ஒருவர்தான், ஆனால் அவர் வருவது வேறு கோச்சின் வண்டியில்" (பச்சை, கோப்பை வைக்கும் வலையுள்ள கையை நீலத்தின் பக்கம் நீட்டி, இடைவேளை). இதன் பொருள் விளங்காததால் இரண்டு பத்தி விளக்கம் எழுதினேன். விளக்கமும் விளங்காததால் பின்னிணைப்பில் சேர்த்தேன். ஆரஞ்சு, "ஆர் இருப்பதே நல்லது, முன்வரிசையில் பெஞ்சில் உட்காருவதைவிடப் பின்வரிசையில் ஓடுவது மேல்" என்கிறது (ஆரஞ்சு, வாய்மொழி, ஒப்பு நோக்குக: அதே ஆரஞ்சு, சென்ற ட்ரையவுட் தேர்வுக்கு முன், இதற்கு நேர்மாறாக). சிவப்பு தன் கருத்துக்குத் தன்னையே சான்று காட்டுகிறது (சிவப்பு, "நான் போன வாரமே சொன்னேன்", மேற்கோளாகச் சிவப்பு, போன வாரம், "நான் அப்பவே சொன்னேன்", மூலபாடம் கிடைக்கவில்லை, மறுப்பு: சிவப்பின் மனைவி, குடை விரிக்கும் ஓசையில் பாதி கேட்டது, பாடபேதம்: மீதிப் பாதி). முதலில் இதை ஆய்வு நேர்மைக்குப் புறம்பானது என்று எழுதியிருந்தேன். பிறகு நம் பேராசிரியர் பெருமக்கள் சிலரின் துணைநூற்பட்டியலை நினைத்துப் பார்த்து அடித்துவிட்டேன்.

4.8 நச்சினார்க்கினியர் ஒரு சொல்லை எடுத்து எட்டு அடி தள்ளி வேறொரு சொல்லோடு கொண்டுகூட்டிப் பொருள் சொல்வார் என்று குறை சொல்வோர் உண்டு. பச்சை, சென்ற அக்டோபரில் தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்து, வரும் ஜூனில் நடக்கப்போகும் ட்ரையவுட்டோடு கொண்டுகூட்டி, அடுத்த கிளப்புக்கு மாற வேண்டும் என்று பொருள் கண்டது. நச்சினார்க்கினியர் குறைந்தது ஒரே நூலுக்குள் இருந்தார்.

4.9 தாயகச் சான்று: இக்குறுக்கம் அமெரிக்காவுக்கே உரியது எனல் பொருந்தாது. பிஎச்.டி.க்குப் பதிவு மட்டும் செய்தவர் பெயர்ப்பலகையில் '(பிஎச்.டி.)' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொள்வதை நாம் அறிவோம். அடுத்த முறை பலகை எழுதும்போது ஓவியர் மறந்துபோய் அடைப்புக்குறியை விட்டுவிடுவார். அங்கே எழுத்துக் குறுகுகிறது. இங்கே குறி குறுகுகிறது. இரண்டும் ஓரினம்.

5. எதிர்ச்சான்று

லில்லி யோஹான்னஸ். வர்ஜீனியாவில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு நெதர்லாந்து போய், அங்கே அயாக்ஸ் கிளப்பில் வளர்ந்தார். 2024 ஜூன் 4 அன்று தென்கொரியாவுக்கு எதிராக, பதினாறு வயதில், அமெரிக்கத் தேசிய அணிக்கு முதன்முறை இறங்கி, அந்த ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். மேற்படி மூன்று சங்கத்திலும் இவர் பதின்வயதைக் கழிக்கவில்லை. ஆய்வு முடிவுக்கு ஒத்துவராததால் இச்சான்று நீக்கப்பட்டது.

1999 மகளிர் உலகக்கோப்பை இறுதியாட்டத்தை ரோஸ் பௌலில் 90,185 பேர் பார்த்தார்கள். அன்று பந்தாடிய பெண்கள் வளர்ந்தபோது இந்தச் சுருக்கப்பெயர் எதுவும் பிறக்கவில்லை. இச்சான்றும் நீக்கப்பட்டது.

6. முடிவுரை

6.1 கடைசிச் சனிக்கிழமை, திரும்பும் வழியில் மினிவேனில், பின்சீட்டில் ஷின்கார்டைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கை மகளிடம், ஆய்வு நெறிப்படி எவ்விதத் தூண்டலும் இன்றிக் கேட்டேன்: "நீ எந்த லீக்ல ஆடுற?"

"ஆர்.எல்., மாமா."

இரண்டரை மாத்திரை. ஒற்றுக்கூடக் குறையவில்லை. மாப்பிள்ளை ரேடியோவின் ஒலியைக் கூட்டினார்.

6.2 எனவே பின்வரும் நூற்பா யாக்கப்பட்டது:

ஆரே குறுகும் பெற்றோர் வாயிடை;
பிள்ளை வாயிடைக் குறுகல் இன்றே.

உரை: வெளிப்படை.

6.3 மேலாய்வுக் களங்கள்: 'ரீஜனல்' என்றால் பெரும்பாலும் காரில் போய்விட்டு அன்றே வீடு திரும்பும் தூரம். 'நேஷனல்' என்றால் அரிசோனாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் விமானச் சீட்டு. ஆர் குறுகக் குறுகப் பயணம் நீளுமா என்பதை வேறு யாராவது ஆராயலாம். செலவு அவரவருடையது.

பிழைதிருத்தம்

ஆய்வேட்டில் ஒரு விவரம் விடுபட்டது. மூன்று வாரத்தில் தகவலாளர் எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விமானநிலையத்தில் தங்கை மகளே சொன்னாள். 1.1இல் 'அவள் மகளின்' என்று வருமிடத்தில் இதைச் சேர்த்து வாசிக்க வேண்டுகிறேன்: லெஃப்ட் பேக்.