மொட்டைமாடி வள்ளல்

சென்னையில் குளிர்காலம் என்பது ஒரு கருத்து வேறுபாடு. ஜனவரி விடியற்காலையில் நுங்கம்பாக்கத்து வெப்பமானி ஏறக்குறைய 21 டிகிரி காட்டும். மேற்கே ஆவடி, பூந்தமல்லி பக்கம் வெட்டவெளி அதிகம் என்பதால் இன்னும் ஓரிரு டிகிரி குறையும். அந்த ஓரிரு டிகிரியில் அவதரித்தவர்தான் நம்முடைய மொட்டைமாடி வள்ளல்.

அம்பத்தூரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். காலை ஐந்தே முக்காலுக்கு மங்கி குல்லா, மப்ளர், கையில்லாத ஸ்வெட்டர் சகிதம் மாடியேறுவார். கையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அது நிறையக் கம்பு. கைப்பிடிச் சுவரில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புறாவைக் காட்டி, "பாவம், எப்படி வெடவெடன்னு நடுங்குது பாருங்க" என்பார். நடுங்குவது அவர். புறாவின் உடம்புச் சூடு எந்நேரமும் சுமார் 40 டிகிரி. இறகுக்குள் காற்றை அடைத்து வைத்துக்கொண்டால் அதற்கு அம்பத்தூர் மார்கழி ஒரு பொருட்டே அல்ல.

கடையெழு வள்ளல்களில் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். மயில் அதை உடுத்தப்போவதில்லை என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்று புறநானூற்றில் பரணர் அவன் சார்பில் சமாளிக்கிறார். நம் வள்ளலுக்காகச் சமாளிக்கப் புலவர் யாரும் இல்லை. மனைவி ஒருவர் இருக்கிறார். அவர் சமாளிப்பதில்லை.

வள்ளல் ஓய்வு பெற்றவர். 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய சைக்கிள் கம்பெனியிலோ ஆவடி டாங்க் ஃபேக்டரியிலோ முப்பது வருஷம் ஷிப்டு பார்த்தவர். ஷிப்டு உடம்பை விட்டுப் போகவில்லை. ஆகவே மாடியிலும் முதல் ஷிப்டு காக்கை, ஜெனரல் ஷிப்டு மைனாவும் அணிலும், இரண்டாவது ஷிப்டு கிளி என்று பிரித்து வைத்திருக்கிறார். புறாக்கள் மூன்று ஷிப்டும் ஓவர்டைமும் பார்ப்பவை. காக்கைகளில் ஒரு விரல் இல்லாதது ஒன்று உண்டு. அது ஆறு மணிக்கு வராவிட்டால் ஆறு ஐந்துக்கு அவர் முகம் வாடிவிடும். வந்ததும், "ஏன்டா லேட்டு?" என்று கேட்பார். காக்கை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். இருபது வருஷம் முன்னால் அவரும் மேஸ்திரியை அப்படித்தான் பார்த்திருப்பார்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்றால், டொரண்டோவில். மகன் ஒரு டிசம்பரில் வீடியோ காலில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தைக் காட்டினான். முழங்கால் ஆழத்துக்குப் பனி. கிளையில் ஒரு தீனிக்கூண்டு. அதில் சூரியகாந்தி விதை. பக்கத்திலேயே கொழுப்புக் கட்டி ஒன்று தொங்கியது. சிவப்பாக ஒரு குருவி வந்து கொத்தியது. "மைனஸ் பதினஞ்சுப்பா. இது இல்லேன்னா ராத்திரியைத் தாண்டாது" என்றான் மகன். நியாயம். பூச்சி செத்து, விதை பனிக்குள் புதைந்து, பகல் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கிவிட்ட ஊரில் ஒரு பிடி கொழுப்பு என்பது ஓர் இரவுக்கான விறகு.

வள்ளல் மறுநாளே செயலில் இறங்கினார். கொழுப்புக் கட்டி மாட்டுக் கொழுப்பில் செய்வது என்று தெரிந்ததும், நெய்யில் புரட்டிய வேர்க்கடலையாக அதை மாற்றிக்கொண்டார். நெய் ஜாடியின் மட்டம் இறங்குவதை மனைவி கண்டுபிடிக்கும்வரை அந்தத் திட்டம் நடந்தது. "ஏங்க, எனக்கு ஒரு ஸ்பூன் நெய் விட்டா கொலஸ்ட்ரால்ங்கறீங்க, காக்காவுக்கு இல்லையா?"

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அம்பத்தூர்ப் பறவைக்கு வருஷத்திலேயே செழிப்பான காலம் இந்தக் குளிர்காலம்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும், புல் விதை கட்டியிருக்கும், பூச்சி புழுவுக்குக் குறைவே இருக்காது. திருநின்றவூர் தாண்டினால் சம்பா நெல் அறுப்புக்கு நிற்கும். அதனால்தானே மத்திய ஆசியாவிலிருந்து நீலச்சிறகி வாத்து இவ்வளவு தூரம் பறந்து இந்தப் பக்கத்து ஏரிகளில் வந்து இறங்குகிறது! இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவியும் அக்டோபரிலேயே வந்துவிடுகிறது. ஊரே சாப்பாட்டு ஹோட்டலாக இருக்கும் மாதங்களில் நம்மவர் அன்னதானம் செய்கிறார்.

அந்த வெளியூர் விருந்தாளிகள்மேல் அவருக்குத் தனி மயக்கம். மாடியில் தேங்கிய நீரோரம் வாலாட்டிக் குருவி ஒன்று வந்து நின்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அரிசி வைப்பார், அது பார்க்காது. தினை தூவுவார், அதன் மேல் நடந்து போய் ஒரு கொசுவைப் பிடித்துத் தின்னும். மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான்களும் பறந்தபடியே பூச்சி பிடிக்கிறவைதான். உண்மையான குளிர்கால விருந்தாளி ஒன்றுகூடத் தம் இலையில் கை நனைக்கவில்லை என்பது அவருக்கு உள்ளூரக் குறை. ராயப்பேட்டை கேமரா சேகர் வீட்டு மாடிக்கு ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து, சுவர்மேல் பலகை அடித்து வைத்த அரிசியை வரிசையாகத் தின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்ததிலிருந்து இவரும் தச்சரைக் கூப்பிட்டுப் பலகை அடித்துவிட்டார். கிளி ஏழெட்டு வரும். மிச்சப் பலகை முழுக்கப் புறா.

காக்கைகளோ அவரை நம்பி இல்லை, அவரைப் பயன்படுத்திக்கொள்கின்றன. தண்ணீருக்கு அவர் வைத்த மண்சட்டி அவற்றுக்கு ஊறவைக்கும் பாத்திரம். தெருமுனை பிரியாணிக் கடையிலிருந்து காய்ந்த கோழி எலும்பைக் கவ்வி வந்து, சட்டியில் போட்டு, பக்கத்திலேயே காவல் நின்று, பதமானதும் எடுத்துக் கொத்தும். சுத்த சைவ வீடு. வற்றல் காயப்போட வந்த மனைவி சட்டிக்குள் எட்டிப் பார்த்துப் போட்ட சத்தத்தில் முதல் ஷிப்டு கலைந்தது. அன்று வள்ளல் இடுக்கியை வைத்து எலும்பைப் பொறுக்கிய அழகை எதிர்மாடியில் படமெடுத்தவர்கள் உண்டு.

டெங்கு சீசனில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து மூன்று சட்டியையும் கவிழ்த்துவிட்டுப் போவார். "பறவைக்கும்மா!" "கொசுவும் பறக்கறதுதான் சார்." அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றினால் கொசுவும் வராது, பறவைக்கும் நோய் தொற்றாது. ஆனால் கம்பு போடுவது தர்மம், சட்டி கழுவுவது வீட்டு வேலை என்பது வள்ளலின் கொள்கை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் வெள்ளைக் கார் இருக்கிறது. வள்ளலின் கொடைக்கு வரும் ரசீதெல்லாம் அதன் மேல்தான் விழும். "பம்பாயில 2025-லயே புறாவுக்குத் தீனி போடற தாதர் கபூதர்கானாவத் தார்ப்பாய் போட்டு மூடிட்டான் சார். கோர்ட்டு வரைக்கும் போயாச்சு. புறா எச்சம் காய்ஞ்சு நுரையீரலுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்" என்று வாரம் ஒருமுறை வந்து நிற்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. வள்ளல் கேட்டுக்கொண்டே பாட்டில் மூடியைத் திறப்பார்.

தை அமாவாசையன்று நிலைமை தலைகீழானது. பக்கத்து வீட்டுக்காரர் தகப்பனாருக்குப் படைத்துவிட்டு, இலைச்சோற்றோடு தம் மாடியில் நின்று கா, கா என்று கத்துகிறார். ஒரு காக்கையும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் வள்ளல் வீட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து அவரை வேடிக்கை பார்க்கின்றன. மணி ஒன்று, வீடே பட்டினி. கடைசியில் மனுஷர் இலையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, இந்த வீட்டு மாடி ஏறினார். வள்ளல் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஒற்றை விரல் இல்லாத காக்கையைப் பார்த்து, "வாடா, பெரியவருக்கு நேரமாச்சு" என்றார். அது இறங்கி வந்து முதலில் வடையை எடுத்தது. "எங்கப்பாவுக்கு வடைன்னா உசிரு" என்று பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புறா விவகாரம் அத்தோடு ஒத்திவைக்கப்பட்டது.

அக்னி நட்சத்திரம் வரும். புழுதி பறக்கும். 40 டிகிரியில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு மரநிழலில் தவிக்கும். குளம் குட்டை வற்றி, ஒரு சட்டித் தண்ணீருக்கு உயிர் விலை இருக்கும் மாதம் அதுதான். அப்போது மாடியில் யாரும் இருக்க மாட்டார்கள். வள்ளல் ஏப்ரல் மாதமே டொரண்டோ கிளம்பியிருப்பார். ஏரியில் நீலச்சிறகி வடக்கே கிளம்புவதும் ஏறக்குறைய அப்போதுதான். "நீங்களும் அந்த வாத்தும் ஒரே ஃப்ளைட்டுலதான் போறீங்க" என்பார் மனைவி.

டொரண்டோவில் இறங்கிய மறுநாள் வள்ளல் தீனிக்கூண்டைத் தேடுவார். "இப்ப வேண்டாம்ப்பா, ஸ்ப்ரிங் வந்தாச்சு. வெளியில எல்லாம் கிடைக்குது. வெச்சா ரக்கூன்தான் வரும்" என்பான் மகன். ஆக, இரண்டு கண்டத்திலும் பறவைக்குத் தேவைப்படாத பருவமாகப் பார்த்துப் போய்ச் சேருகிற ஒரே கொடையாளி இவர்தான்.

மாடிச் சாவி பக்கத்து வீட்டுக்காரரிடம். அமாவாசைக் கடன். வேண்டா வெறுப்பாகச் சட்டியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தவர், பத்து நாளில் சட்டியைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். தானியம் போடுவதில்லை, அதனால் புறா குறைந்தது, காரும் வெளுத்தது. மே மாத நடுவில் வீடியோ கால் போட்டார்.

"சார், உங்க காக்கால்லாம் சௌக்கியம். தண்ணி குடிக்க ஒரு செம்போத்து வருது."

வள்ளல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செம்போத்தா? என் மாடியிலயா? எனக்கு வந்ததே இல்லையே!"

"இல்ல சார், இது நம்மளோடது. ஆறே காலுக்கு டாண்ணு வந்துடும். இன்னிக்குத்தான் அஞ்சு நிமிஷம் லேட்டு."

அன்று சாயங்காலமே வள்ளல் மகனிடம், ரிட்டர்ன் டிக்கெட்டை ஜூனுக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.