பம்பருக்குச் சான்றொப்பம் வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பழைய பியட் கார் வைத்திருப்பவன்,
சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
விதி வகுக்கும் உயர் அதிகாரி அவர்கள்,
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: கார் பழசு – பம்பர் புதுசு – கார் இன்னும் பழசுதானா எனத் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழங்கால வாகனப் பதிவு விதிகள்.

ஐயா,

வணக்கம். 50 வயது தாண்டிய கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் தனிப் பதிவு, நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற பட்டம் என்று தாங்கள் கொடுத்த கௌரவத்துக்கு நன்றி. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணமும் வைத்தீர்கள். கௌரவம் சும்மா வருமா?

என்னிடம் இருப்பது 1968ஆம் வருடத்து பியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. பத்மினி என்று பெயர் சூட்டுவதற்கு முந்தைய தலைமுறை. எஞ்சினும் பாடியும் பிறந்தபடியே இருக்கின்றன. பம்பர்கள் இரண்டும்தான் உள்பக்கமாகத் துருவேறி, விரலால் அழுத்தினால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டன.

வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி. பம்பர் இதில் எதில் சேரும்? நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடுவதால் அது பாடி இல்லை என்பது என் கட்சி. அது இல்லாத வண்டி அசல் வடிவில் இல்லை என்று தங்கள் அதிகாரி சொன்னால் அதுவும் நியாயமே. ஆக, புதுசு போட்டாலும் சந்தேகம், போடாவிட்டாலும் குற்றம். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி கட்டக்கூடாது என்று 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதினீர்கள். பம்பரே இல்லாதவன் என்ன செய்வான் என்று எழுத மறந்துவிட்டீர்கள்.

‘அசல் பம்பரையே வாங்கிப் போடேன்’ என்பீர்கள். தயவுசெய்து என் முகவரியை இன்னொரு முறை பார்க்கவும். கிழக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வருகின்றன; ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ, நிசான் கார்கள். பம்பர் ஏற்றிய லாரிக்கு வழிவிட்டுத்தான் நாங்கள் ரோட்டைக் கடக்கிறோம். ஆனால் எல்லாம் பிளாஸ்டிக். உருக்கி அச்சில் செலுத்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒன்று விழும். இங்கே ஒரு பிரஸ் ஷாப்பில் இரும்பு பம்பர் கேட்டேன். “எத்தனை ஆயிரம் பீஸ் சார்?” என்றார். “ரெண்டு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு” என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கான டை (அச்சு) செய்யும் செலவில் இன்னொரு கம்பெனியே தொடங்கலாம்.

பழசையே தட்டி, ஒடுக்கெடுத்து, குரோம் பிளேட்டிங் போடலாம் என்றால் அதற்கும் தடங்கல். பளபளக்கும் குரோமியம் ஒரு மைக்ரான் கனம்கூட இராது. துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான். ஆனால் பிளேட்டிங் தொட்டியில் இருக்கும் குரோமியம் பொல்லாதது. எங்கள் ஊர் வழியே போகும் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை. அங்கே 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் 2 லட்சம் டன்னுக்கு மேல். ஆகவே பிளேட்டிங் பட்டறைகள் மீதான கெடுபிடியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அரசாங்கத்தோடு நான் ஒத்துப்போகும் ஒரே இடம் இது; குறித்துக்கொள்ளவும்.

மிஞ்சியது மாற்று பம்பர். பழைய ஐரோப்பியக் கார்களுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பர்களை வியட்நாமில் செய்து உலகம் முழுக்க விற்கிறார்கள். துரு இல்லை, பிளேட்டிங் இல்லை, பஃபிங் போட்டால் போதும். அந்த வழியிலேயே உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் பழசை மாதிரி வைத்து ஒரு ஜோடி செய்து வாங்கினேன்.

பொருத்தும்போதுதான் வேடிக்கை. டிங்கர் எல்லா நட்டையும் லூஸாக விட்டு, பம்பரைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்க இடைவெளியையும் விரலை விட்டுப் பார்த்தார். இடப்பக்கம் ஒரு விரல், வலப்பக்கம் ஒன்றரை. பிராக்கெட் ஓட்டையை அரத்தால் நீளமாக்கி, வாஷர் கொடுத்து, மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், பம்பர் நேராத்தான் இருக்கு. வண்டிதான் கம்பெனியிலேர்ந்தே கோணல்.” இப்போது தங்கள் அதிகாரி எதை அசல் என்று பதிவு செய்வார், கோணலையா, நேரையா?

இன்னொரு சிறு ஐயம். ‘விஏ’ வண்டியை அன்றாடப் புழக்கத்துக்கு ஓட்டக்கூடாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். பம்பர் மாட்டப் போவது பராமரிப்பு, சரி. வழியில் டீக்கடை முன் நிறுத்தினால் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். அதைக் கண்காட்சிக் கணக்கில் எழுதலாமா?

என் கோரிக்கை எளியது. மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸில் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்திட்டால் அது ‘உண்மை நகல்’ ஆகி, அசலின் வேலையைப் பார்க்கும். இப்போது பல இடங்களில் நாமே போடும் சுயசான்றொப்பமும் செல்லும். காகிதத்தின் மேல் வைக்கும் நம்பிக்கையை எஃகின் மேலும் வைக்கலாகாதா? அசலின் அளவும் வளைவும் மாறாமல் செய்த மாற்றுப் பாகம் அசல் வடிவத்தைக் கெடுக்காது என்று ஒரு வரி சேருங்கள். எந்தெந்தப் பாகம் என்று ஒரு பட்டியலும் போடுங்கள். குர்லாவின் பியட்டும், வண்டலூரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டும், உத்தரபாராவின் அம்பாசடரும் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்ட வண்டிகள். அசல் பாகம் கேட்டு யார் கதவைத் தட்டுவது?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய பியட் கார் வைத்திருப்பவன் (அசல்).

இணைப்பு: பம்பர், முன்புறம் 1, பின்புறம் 1. இரண்டிலும் சுயசான்றொப்பம் இடப்பட்டுள்ளது. வெளிப்பக்கத்தில் கீற மனம் வரவில்லை. அதிகாரி குனிந்து உள்பக்கம் பார்க்கவும்.